மதகடி வாத்தின் கண்

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் வாத்துகளைப் பற்றிப் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பேசுகிறேன். ஆனால் எந்த வாத்துக்கு எந்த இறகு என்ற பாடத்தை நான் நடத்தப்போவதில்லை. அதைப் புத்தகம் என்னைவிட நன்றாக நடத்தும், கோபப்படாமலும் நடத்தும். முப்பத்தோரு வருடம் ஏரி ஏரியாகப் போய்ப் பறவை எண்ணி, அறிக்கை எழுதிக் கொடுத்துச் சம்பளம் வாங்கியவள் நான். அத்தனை வருடத்தில் ஒரே ஒரு வாத்து என் மானத்தை வாங்கப் பார்த்தது. அதைத்தான் சொல்லப்போகிறேன். இப்போது நினைத்தாலும் முதலில் வெட்கம் வரும், பின்னாலேயே சிரிப்பும் வந்துவிடும்.

கரையோரம் தலையை மட்டும் தண்ணீருக்குள் விட்டு மேயும் வாத்துகளால் உங்களுக்குப் பெரிய தொல்லை இராது. முழுதாக முங்கி இரை தேடும் வாத்துகள்தான் ஆளைக் கவிழ்ப்பவை. நீங்கள் தொலைநோக்கியைச் சரிசெய்து, மூச்சைப் பிடித்து, 'ஆ, மாட்டினாயா' என்று நினைக்கும் நொடியில் முங்கிவிடும். எழும்போது வேறு இடத்தில், வேறு பக்கம் திரும்பிக்கொண்டு எழும். எழுந்தது அதேதானா என்று சத்தியம் செய்ய உங்களால் முடியாது. நிறமும் தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே பழுப்பு. போதாததற்கு இவை இனம் மாறியும் ஜோடி சேரும். பிள்ளைகள் இரண்டு பக்கத்துச் சாயலையும் வாங்கிக்கொண்டு வந்து நம் ஏரியில் இறங்கி, நம் பிழைப்பில் மண்ணைப் போடும்.

ஒரகடத்திலிருந்து உள்ளே பிரியும் சாலை ஒன்றில் அந்த ஏரி இருக்கிறது. பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் அந்த ஊர் தனபால் போனில் என்னைப் பிடித்துக்கொள்வார். ஒரு பக்கம் தொழிற்சாலை மதில், எதிர்ப்பக்கம் வயல். கரைமேல் நின்றால் ஷிஃப்ட் பஸ்கள் வரிசையாகப் போவது தெரியும். கரையின் நடுவில் மதகு. மதகடியில்தான் ஏரியின் ஆழம். மேற்கே, மழைத்தண்ணீர் வந்து இறங்கும் உள்வாய்ப் பக்கம் போகப் போகத் தண்ணீர் வற்றி, தை மாதக் கடைசியிலேயே வெறும் சேறாகிவிடும்.

தனபால் அந்த ஏரிப் பாசன சங்கத்தின் தலைவர். ஐம்பத்தைந்து வயது. ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் வேலை, முதல் ஷிஃப்ட் முடிந்தால் வயல். மதகு வாயில் சேறு பாதிவரை அடைத்துக்கொண்டு மூன்று வருடமாகக் கடைமடை வயல்களுக்குத் தண்ணீர் ஏறவில்லை. அவருடைய நிலமும் கடைமடையில்தான். அலைந்து திரிந்து, ஏரியைத் தூர்வார ஒரு வழியாக அனுமதி வாங்கிவிட்டார். அனுமதி மார்ச் கடைசியோடு முடிந்துவிடும். அதற்குள் பொக்லைன் இறங்கி வேலையை முடித்தாக வேண்டும். பொக்லைன் இறங்குவதற்கு முன்னால் ஒரே ஒரு காகிதம் பாக்கி. அந்த ஏரியில் என்னென்ன பறவை இருக்கிறது என்ற அறிக்கை. அதை எழுதப் போனவள் நான்.

அழியும் அபாயத்தை நெருங்கிய இனம் என்று ஒரு பட்டியல் இருப்பது உங்களுக்குத் தெரியும். அதில் உள்ள ஒரு பெயர் என் அறிக்கையில் ஏறினால் அனுமதி அங்கேயே நின்றுவிடும். மறு ஆய்வு, கமிட்டி என்று அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும். இது எனக்கும் தெரியும். தெரிந்துதான் ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில் அந்தக் கரையில் போய் நின்றேன்.

சூரியன் எனக்கு எதிரே எழுந்துகொண்டிருந்தது. மதகடியில் செந்தலையும் சாம்பல் உடம்புமாக மூன்று போச்சார்ட் வாத்துகள் மிதந்தன. குடுமி வாத்துகள் நான்கைந்து. அவற்றுக்கு நடுவில் ஒன்று, உடம்பு முழுக்கச் செம்பழுப்பாக, வாலைத் திருப்பியபோது வாலடியில் பளிச்சென்று வெள்ளை. எனக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளைக்கண் வாத்து. நான் அதுவரை இரண்டே முறை பார்த்த பறவை, பட்டியலில் உள்ள பறவை. அது முங்கியது, எழுந்தது, மறுபடி முங்கியது. நோட்டில் பென்சிலால் கிறுக்கினேன். தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் எழுதியதால் எழுத்து எனக்கே புரியவில்லை.

அடுத்து நான் செய்ததை நீங்கள் யாரும் செய்யாதீர்கள். டீக்கடையில் உட்கார்ந்து தலைமை அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பினேன். பறவை பார்க்கிற நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். போட்டுவிட்டு வரும் பாராட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்து, இரண்டாவது டீ சொன்னேன். ஓய்வுபெற ஒரு வருடமே இருந்த நேரம் அது. கடைசி வருடத்தில் ஒரு நல்ல பறவை என் பெயரில் பதிவாகிறதே என்ற பெருமை எனக்கு. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் கரையில் திருவிழாதான். பீரங்கி மாதிரி லென்ஸ்களைத் தூக்கிக்கொண்டு சென்னையிலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். டீக்கடையில் பஜ்ஜி பத்து மணிக்கே தீர்ந்தது. ஷிஃப்ட் பஸ் டிரைவர்கள் கரைப் பக்கம் வேகத்தைக் குறைத்து, என்ன கூட்டம் என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். தனபாலுக்கு வாயெல்லாம் பல். வந்தவர்களையெல்லாம் அவரே கூட்டிப்போய் மதகைக் காட்டினார்.

"நம்ம ஏரிக்கு இன்னா மவுசு பாத்தீங்களா மேடம்? ரஷ்யாலேர்ந்து வந்துகீதாமே அது. எங்க ஊட்ல பொண்ணு எடுக்க வந்தவங்ககூட இம்மாந்தூரம் வந்ததில்ல" என்றார்.

அவருக்கு விஷயம் தெரியாது. ஞாயிறு மாலை லென்ஸ்காரர்களில் ஒருவர்தான் வாயை விட்டார். இந்தப் பறவை இருக்கிற ஏரியில் இனி யாரும் கை வைக்க முடியாது என்று சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறார். தனபால் நேராக என்னிடம் வந்தார். சிரிப்பெல்லாம் போய்விட்டிருந்தது.

"மேடம், அந்த வாத்து பேரு எழுதினா வேலை நின்னுடுமா?"

"நின்னுடும்."

"எழுதாம வுட்டா?"

"பார்த்ததை எழுதாம இருக்க முடியாதுங்க."

"எழுதாதீங்கன்னு சொல்லல. பக்கத்துல அதே மாரி மூணு நிக்கிது. அதுங்களோட சேத்து நாலுன்னு போடுங்க. யாருக்கு தெரியப் போவுது? முப்பத்திரண்டு குடும்பம் மேடம். மூணு வருசமா கடைமடைல முள்ளுதான் மொளைக்கிது."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. என்னை என்னவென்று நினைத்தீர்கள், என் கையெழுத்து என்ன கடையில் தொங்குகிற சாமானா என்று கத்திவிட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். தங்கியிருந்த அறைக்கு வந்த பிறகும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஆனால் முப்பத்திரண்டு குடும்பம் என்று அவர் சொன்னது நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் காலையில் கரைக்கு முத்துலட்சுமி வந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், முப்பது வயதிருக்கும். கார் தொழிற்சாலை ஒன்றின் பெயிண்ட் ஷாப்பில் இன்ஸ்பெக்டர். லைனில் பெயிண்ட் அடித்து வருகிற வண்டியைப் பார்த்து, நிறம் சரியா தப்பா என்று சொல்வது அவள் வேலை. இரண்டாவது ஷிஃப்ட் வாரங்களில், காலையில் ஒரு பழைய பைனாகுலரோடு கரையில் நடப்பாள். இரண்டு நாள் கூட்டத்திலும் அவள் ஓரமாக நின்று பார்த்ததை நான் கவனித்திருந்தேன்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? அதோட கண்ணை நீங்க பாத்தீங்களா?"

"பார்க்காமலா பேர் வைப்பேன்? வெள்ளைக் கண்."

"எந்த வெள்ளை?"

எனக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை.

"இல்ல மேடம், எங்க லைன்லயே மூணு வெள்ளை ஓடுது. ஒண்ணு மஞ்சள் தட்டும், ஒண்ணு நீலம் தட்டும். வெயில்ல பாத்தா மூணும் ஒண்ணுதான். நானும் நாலு நாளா பாக்கேன், எனக்கு அது கண்ணு வெள்ளையாத் தெரியல. வெயில் பட்டா மட்டும் பளபளங்குது. அதான் கேட்டேன்."

அவள் தனபால் வீட்டு மாடியில்தான் இன்னும் இரண்டு பெண்களோடு வாடகைக்கு இருந்தாள். அது எனக்கு நினைவு வந்ததும் கோபம் திரும்ப ஏறியது. "உங்க ஹவுஸ் ஓனர் அனுப்பிவிட்டாரா?" என்று கேட்டுவிட்டேன். அவள் முகம் ஒரு நொடி சுண்டியது. ஆனால் குரலை உயர்த்தவில்லை.

"அவரு அனுப்பினா நான் வருவேனா மேடம்? தண்ணி மோட்டார் போடலன்னு நாலு நாளா அவருகூடப் பேச்சுவார்த்தையே இல்ல. நீங்க நோட்டைப் பாத்துச் சொல்லுங்க. பாத்தேன்னு இருந்தா நான் போறேன்."

நோட்டைத் திறந்தேன். வியாழக்கிழமைப் பக்கம். உடம்பு செம்பழுப்பு, வாலடி வெள்ளை, போச்சார்ட்களோடு சேர்ந்து முங்குகிறது, எல்லாம் கோணல்மாணலாகப் பென்சிலில். கடைசி வரி மட்டும் பேனாவில், அழகாக, வரிபிசகாமல் இருந்தது. 'கண் வெள்ளை.' என் பேனா எப்போதும் கைப்பையில் இருக்கும். கைப்பை அன்று வண்டியில் இருந்தது. அந்த வரியை நான் கரையில் எழுதவில்லை. செய்தியெல்லாம் அனுப்பிவிட்டு, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். வெள்ளைக்கண் வாத்து என்று பெயர் வைத்தாகிவிட்டது, அப்படியானால் கண் வெள்ளையாகத்தானே இருக்கும் என்று என் கை தானாக எழுதிக்கொண்டது.

அந்தக் கரையில் நான் பட்ட அவமானத்தை எப்படிச் சொல்வது? உடம்பெல்லாம் கூசியது. முப்பது வருடம் அடுத்தவர்களின் குறிப்பேட்டில் இதே தப்பைப் பிடித்துத் திட்டியவள் நான். நோட்டை அவளிடமே நீட்டினேன். படித்தாள். சிரிக்கவில்லை, அதற்காக இன்றைக்கும் அவளுக்கு நன்றி சொல்வேன்.

"எங்க லைன்லயும் இப்படி ஆகும் மேடம். வண்டியில நிறத்துப் பேரு போட்ட டேக் தொங்கும். டேக்கை மொதல்ல படிச்சிட்டா, கண்ணு டேக்குல உள்ளதத்தான் பாக்கும். நான் ஒரு தடவ முன்கதவு ஒரு வெள்ளை, பின்கதவு ஒரு வெள்ளைன்னு ஒரு வண்டியையே விட்டுட்டேன். டேக்குல பேரு சரியா இருந்துச்சு, அதான். அப்புறம் நாங்களே ஒரு வழக்கம் வச்சிக்கிட்டோம். டேக்கைக் கையால மூடிட்டு, மூணு பக்கம் நின்னு பாத்து எழுதிட்டுத்தான் கையை எடுக்கணும். ரெண்டு பேரு பாத்தா, எழுதி முடிக்கிற வரைக்கும் ஒருத்தருக்கொருத்தர் பேசக் கூடாது."

இப்போது என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அறிக்கை கொடுக்க வியாழக்கிழமை கெடு. வெள்ளைக்கண் வாத்து என்றே எழுதினால் எனக்குப் புகழ், முப்பத்திரண்டு குடும்பத்துக்கு இன்னொரு வருடம் முள். இல்லை என்று மாற்றினால் ஊர் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டாள் என்பார்கள். அதைவிட மோசம், மாற்றுவது உண்மைக்காகவா அல்லது தனபால் முகத்துக்காகவா என்று எனக்கே நிச்சயமில்லை. அவர் துண்டை உதறிப் போனது கண்முன்னால் நின்றது. கலப்பினமாக இருந்துவிடக் கூடாதா என்று மனசு ஏங்க ஆரம்பித்துவிட்டது. வியாழக்கிழமை ஒரு ஆசையோடு பார்த்தேன், இப்போது வேறொரு ஆசையோடு பார்க்கப் போகிறேன். இரண்டு ஆசையும் கண்ணைக் கெடுப்பதில் ஒன்றுதான்.

எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்த பெரியவர் அப்போது தாம்பரத்தில் மகள் வீட்டில் இருந்தார். கூட்டத்தில் எடுத்த படங்களில் நல்லதாக நான்கை அவருக்கு அனுப்பிவிட்டுப் போன் செய்தேன். அவர் ஒரு பெயரைச் சொன்னால் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் என்று நினைப்பு.

"பார்த்தேம்மா" என்றார்.

"என்ன சார் அது?"

"வாத்து. அதுவரைக்கும் நான் கையெழுத்துப் போடறேன்."

"சார், விளையாடாதீங்க."

"விளையாடல. படத்துல வெயில் இருக்கு, கண் இல்ல. நீ ஏரிக்கரையில நிக்கிற, நான் சோபாவுல உட்கார்ந்திருக்கேன். யாரைக் கேட்டு யார் எழுதறது?" என்று சொல்லி வைத்துவிட்டார். அன்றைக்கு அவரை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன். நாளைக்கு நீங்கள் படம் அனுப்பிக் கேட்டால் நானும் அதையேதான் சொல்வேன், என்னையும் திட்டிக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை முத்துலட்சுமிக்கு வார விடுமுறை. காலை ஆறு மணிக்கு இருவரும் கரைக்குப் போனோம். அன்று நல்லவேளையாக மேகமூட்டம். முக்காலியில் என் பெரிய தொலைநோக்கியை நிறுத்தினோம். ஏற்பாடு இதுதான். ஒருவர் ஒரு மணி நேரம் பார்ப்பது, அடுத்தவர் கரைக்குக் கீழே இறங்கிவிடுவது. பார்த்ததை மட்டும் எழுத வேண்டும், பெயர் எழுதக் கூடாது. முடியும்வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசாமல் இருப்பதில் எனக்குத்தான் கஷ்டம்.

முதலில் நான் பார்த்தேன். அந்த ஒரு மணி நேரத்தில் அது நாற்பது தடவையாவது முங்கியிருக்கும். ஒவ்வொரு முறையும் எழுந்ததும் முதல் இரண்டு நொடி இறகெல்லாம் நனைந்து கறுத்துத் தெரியும், அப்போது எழுதக் கூடாது. காத்திருந்தேன். ஒரு கட்டத்தில் அது முங்குவதை நிறுத்தி, அலகால் முதுகைக் கோதிக்கொண்டு என் பக்கமாகத் திரும்பியது. கண்ணைப் பார்த்தேன். பார்த்ததை எழுதினேன், பென்சிலால்.

இருவரும் எழுதி முடித்ததும் தாள்களை மாற்றிக்கொண்டோம். என்னுடையதில் இப்படி இருந்தது: கண் செம்மஞ்சள். முதுகில் பழுப்புக்கு ஊடே மெல்லிய சாம்பல் கோடுகள். அலகின் நடுவே வெளிர்சாம்பல் பட்டை, நுனி கறுப்பு. வாலடி வெள்ளை தூய வெள்ளை அல்ல.

முத்துலட்சுமியின் தாள் அவளுடைய லைன் பாஷையில் இருந்தது. 'தலை செங்காவி, பக்கவாட்டில் பார்த்தால் மினுங்குது. முதுகு பிரவுன், உள்ளே சாம்பல் கோடு கோடாக. வாலடி அழுக்கு வெள்ளை, ஓரத்தில் கறுப்பு கசிந்திருக்கு, எங்க லைனாக இருந்தால் ரிஜெக்ட். மூக்கில் சாம்பல் பட்டை. கண் ஆரஞ்சு. மூன்று தடவை பார்த்தேன், மூன்று தடவையும் ஆரஞ்சு.'

வெள்ளைக்கண் ஆணுக்குக் கண் பாலாட்டம் வெள்ளை, வாலடி கத்தரித்து ஒட்டியது போல் சுத்தமான வெள்ளை, முதுகில் சாம்பல் கோடு கிடையாது. போச்சார்ட் ஆணுக்குக் கண் சிவப்பு, உடம்பு முழுக்கச் சாம்பல் கோடு, அலகில் பட்டை. எங்கள் ஆளிடம் இரண்டு வீட்டுச் சாமானும் இருந்தது. அதற்குப் பிறகுதான் பெயருக்குப் போனோம். கலப்பினம். நான் என் வாழ்நாளில் பார்த்த முதல் கலப்பு வாத்து. அறுபதை நெருங்கும் வயதில் அந்தக் கரைமேல் முத்துலட்சுமியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குதித்தேன். பஸ்ஸிலிருந்து யாரோ விசில் அடித்தார்கள். அரிதான பறவை பறிபோயிற்றே என்ற வருத்தம் கடுகளவும் இல்லை. ஒன்றை உள்ளபடி பார்த்துவிட்ட சந்தோஷம் அப்படிப்பட்டது. உங்களுக்கும் அது ஒருநாள் கிடைக்கும், கிடைத்தால் வெட்கப்படாமல் குதியுங்கள்.

அறிக்கையில் 'கலப்பினம், பெற்றோர் இன்னின்ன இனமாக இருக்கலாம் என்பது ஊகம்' என்று எழுதினேன். அதன் கீழேயே இன்னொரு வரி சேர்த்தேன். முன்பு அனுப்பிய செய்தியில் கண்ணின் நிறம் பார்க்காமல் எழுதப்பட்டது, தவறு என்னுடையது. அலுவலகத்தில் அந்த இரண்டாவது வரி தேவையா என்று கேட்டார்கள். தேவை என்றேன். இரண்டு தாள்களையும் நகல் எடுத்து இணைத்தேன், ரிஜெக்ட் உட்பட.

வாட்ஸ்அப் குழுவில் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டேன். மேடம் ஊர்க்காரர்களிடம் விலைபோய்விட்டார் என்றே ஒருவர் எழுதினார். வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். மேகமூட்டமான நாளில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று மட்டும் பதில் போட்டேன். இரண்டு பேர் போனார்கள். திரும்பி வந்து ஒன்றும் எழுதவில்லை, அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

தனபாலிடம் நானே போய்ச் சொன்னேன். டீக்கடையில் இருந்தார். முதலில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். பிறகு அறிக்கை போய்விட்டது, அனுமதி அப்படியே இருக்கிறது, திங்கட்கிழமை பொக்லைனை வரச் சொல்லலாம் என்றேன். கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கும்பிட்டார்.

"எனக்காக மாத்தினீங்களா மேடம்?"

"உங்களுக்காக மாத்தல. அது உண்மையிலேயே வேற. அப்பன் ஒரு ஜாதி, ஆத்தா ஒரு ஜாதி."

"அப்படீன்னா அது எந்த லிஸ்ட்லயும் வராதா?"

"வராது."

"அதுக்கு ஒண்ணு ஆச்சின்னா யாரும் இன்னான்னு கேக்க மாட்டாங்களா?"

"கேட்க மாட்டாங்க" என்றேன். நாலைந்து நாள் முன்னால் சென்னையிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து பார்த்த பறவை. நான் சரியாகப் பெயர் சொன்ன அன்றே அதற்கு ஆதரவு இல்லாமல் போய்விட்டது. நான் செய்தது சரிதான், அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் சரியானதைச் செய்த பிறகும் மனசு கனக்கும், இதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தனபால் மிச்ச டீயைக் குடித்தார்.

திங்கட்கிழமை வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். முதலில் மதகைத் திறந்து, மிச்சத் தண்ணீரை வடித்து, மதகு வாயிலிருந்து தோண்டுவது என்பதுதான் திட்டம். கடைமடைக்குத் தண்ணீர் போக அதுதான் முக்கியம், அதனால் அதை முதலில் முடிக்க வேண்டும் என்று எழுதி வாங்கியவரே தனபால்தான். ஆனால் பொக்லைன் கரையேறி, மதகைத் தாண்டி, மேற்கே உள்வாய்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. கான்ட்ராக்டர் தனபாலோடு வாக்குவாதத்தில் இருந்தார்.

"இன்னாங்க நீங்க, மதகடிய கடைசீல வச்சா நாள் பத்தாதுங்க. அப்பறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

"சொல்ல மாட்டேன். அந்தப் பக்கத்துலேர்ந்து வா. ஆழத்துல ஒண்ணு மேஞ்சிகினு கீது. அதுவா போற வரைக்கும் தண்ணிய எடுக்க வேணாம்."

"ஒரு வாத்துக்கா?"

"வாத்துக்குத்தான். அதுக்கு நம்மள வுட்டா யாரு கீறா?"

சங்கத்தில் நான்கு பேர் அவரோடு சண்டைக்குப் போனார்கள். கரையில் நின்று எல்லோருக்கும் முன்னால் பதில் சொன்னார், இறங்கவில்லை. முத்துலட்சுமி ஷிஃப்டுக்கு ஏற்றபடி தினமும் காலையிலோ மாலையிலோ கரைக்குப் போய்ப் பார்த்து, அவருக்குத் தகவல் சொன்னாள். தண்ணீர் மோட்டார் சண்டை எப்படித் தீர்ந்தது என்று நான் கேட்கவில்லை. பிற்பாடு நடந்ததை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் பதைத்துக்கொண்டே இருப்பீர்கள். மதகடி வேலை மார்ச் கடைசி நாள் சாயங்காலம், வண்டிகள் விளக்குப் போடுகிற நேரத்துக்குத்தான் முடிந்தது. அந்த வருட மழைக்குக் கடைமடைவரை தண்ணீர் போயிற்று.

மார்ச் பாதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு என் போன் அடித்தது. தனபால். பின்னால் பொக்லைன் இரைச்சல், யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தம்.

"மேடம், அது இல்ல. நேத்து சாயங்காலம் இருந்திச்சி. காலீல நானும் முத்துலட்சுமியும் கரை பூரா நடந்து பாத்துட்டோம், கூட இருந்த மூணும் இல்ல. மொத்தமா கெளம்பிடுச்சிங்க."

அந்த மதகைத் திறக்க அவருக்கு என் உத்தரவு எதுவும் வேண்டியதில்லை. ஒன்றரை மாதமாகவே வேண்டியதில்லை. போனைக் காதில் வைத்தபடியே, மார்ச் கடைசிக்கு இன்னும் எத்தனை நாள் என்று காலண்டரில் எண்ணிக்கொண்டிருந்தேன். நான் போனை வைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது, சத்தமாகக் கேட்டார்.

"மேடம், இருக்கீங்களா? மதகைத் தொறக்கட்டுமா?"